நூல்களால் வாழும் துறைமுகம்

உலக வரலாற்றில் புகழ் பெற்ற துறைமுகங்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை தம் கரையில் இறங்கிய சரக்குகளால் புகழ் எய்தியவை. இறங்கிய நூல்களால் புகழ் எய்திய துறைமுகம் ஒன்றும் உண்டு. அது எகிப்து நாட்டின் வடகரையில், மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்துள்ள அலெக்சாந்திரியா ஆகும்.

பண்டைக் கடல் வாணிகத்தைப் பற்றிய ஆய்வு மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளும் பொருட்டு அந்நகருக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பகற்பொழுதில் பல நாட்டு அறிஞரும் தத்தம் கட்டுரைகளைப் படித்தனர். மாலைப்பொழுதில் நகரின் பழைய இடங்களைக் கண்டு வந்தோம். மாநாட்டின் பொருள் வாணிகமே எனினும், உணவு வேளையிலும் ஓய்வு வேளையிலும் பேச்சு ஒரு வினாவையே சுற்றி வந்தது. பண்டை உலகின் மிகப் பெரிய நூலகம் இந்நகரில் இருந்ததே, அது எவ்வாறு அழிந்தது என்பதே அவ்வினா.

தீயிட்டு எரித்தனர் என்று நம்மில் பலரும் பள்ளியில் படித்திருப்போம். எரித்தவர் யார் என்று கேட்டால், சீசர் என்பார் ஒருவர். கிறித்தவத் துறவியர் என்பார் மற்றொருவர். அரபுப் படைத்தலைவர் என்பார் வேறொருவர். வரலாறு கூறும் விடை இம்மூன்றினும் வேறானது. தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் குடியேறி, தாய்மொழி நூல்களை ஓர் அறையில் சேர்த்து வைத்துப் போற்றிவரும் நம்மனோர்க்கு அவ்விடை மிகவும் வேண்டுவது என எமக்குத் தோன்றியது. ஆகவே அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

நகர் எழுந்த வரலாறு

மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் கி.மு. 331-இல் இந்நகருக்குக் கால்கோள் இட்டான். வடக்கே கடல், தெற்கே மரியோத்து என்னும் ஏரி, இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய நிலம், கடலில் சிறிது தொலைவில் பாரோசு என்னும் தீவு. துறைமுகத்திற்கு இதனினும் தக்க இடம் அக்கடற்கரையில் வேறில்லை. நகரின் எல்லையை வரைந்து காட்டச் சுண்ணம் கிடைக்காமையால், வாற்கோதுமை மாவைத் தூவிக் கோடு கிழித்தனராம். பறவைகள் திரளாக வந்து அம்மாவைத் தின்றுவிட்டனவாம். மன்னன் மனங்கலங்கி நிற்க, 'இந்நகர் பல நாட்டு மக்களையும் ஊட்டி வளர்க்கும்' என்று நிமித்திகர் தேற்றினராம். இக்கதையைப் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். கதை எவ்வாறாயினும், நிமித்திகர் வாக்குப் பொய்க்கவில்லை.

அலெக்சாந்தர் கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தான். தன் நகர் உயர்ந்ததை அவன் காணவில்லை. எகிப்தின் ஆட்சி அவனுடைய படைத்தலைவருள் ஒருவனான தாலமியின் கைக்கு வந்தது. தாலமி மரபினர் ஏறத்தாழ 300 ஆண்டுகள் அங்கு அரசாண்டனர். கரையையும் பாரோசுத் தீவையும் இணைத்து ஓர் அணை கட்டப்பட்டது. அதன் இரு புறத்தும் இரு துறைமுகங்கள் அமைந்தன. தீவின் முனையில் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த கலங்கரை விளக்கம் எழுந்தது. உலகின் ஏழு வியப்புகளுள் ஒன்றாக அதனைக் கிரேக்கர் போற்றினர்.

இன்று அவ்விளக்கம் இல்லை. நிலநடுக்கங்கள் அதனைச் சிறிது சிறிதாகச் சாய்த்தன. 1303-ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரு நடுக்கம் அதன் பெரும்பகுதியை வீழ்த்தியது. அது நின்ற இடத்தில் சுல்தான் காயித்பே 1477-இல் ஒரு கோட்டையை எழுப்பினார். அக்கோட்டையின் மதில்மேல் நின்று யாம் கீழே நோக்கினோம். மீன்பிடிப் படகுகள் ஆடிக்கொண்டிருந்த அத்தண்ணீருக்கு அடியில்தான், 1994 முதல் மூழ்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள் பெருங்கற்களையும் சிலைகளையும் கண்டறிந்தனர். பழைய அணையோ மணல் படிந்து படிந்து அகன்று, இன்று வீடும் கடையும் நிறைந்த நிலமாகவே மாறிவிட்டது.

கப்பலில் வந்த நூல்கள்

தாலமி அரசர் அமைத்த அறிஞர் கழகத்திற்கு மூசியம் என்பது பெயர். கலைத் தெய்வங்களின் இருப்பிடம் என்பது அதன் பொருள். இன்று நாம் வழங்கும் மியூசியம் என்னும் சொல் அதன் வழி வந்ததே. அக்கழகத்தில் உலாவும் இடமும், அமர்ந்து உரையாடும் கூடமும், அறிஞர் அனைவரும் ஒன்றாக உண்ணும் பெரிய மனையும் இருந்தன என்று திராபோ என்னும் நிலநூலார் எழுதியுள்ளார். அறிஞர்க்கு உணவும் ஊதியமும் அரசே அளித்தது. அக்கழகத்தைச் சார்ந்து எழுந்ததே பெருநூலகம்.

நூல்களைத் திரட்டிய முறை வியப்பானது. துறையில் நங்கூரம் பாய்ச்சிய கப்பல்களில் நூல்கள் உளவா என்று அரசனின் ஆட்கள் தேடுவர். கிடைத்தவற்றைக் கொண்டுபோய்ப் படியெடுப்பர். மூலத்தை வைத்துக்கொண்டு படியை உரியவரிடம் கொடுப்பர். அவ்வாறு சேர்ந்த சுவடிகளின்மேல் 'கப்பலில் வந்தவை' என்று பொறித்து வைத்தனர். ஏதென்சு நகரத்தார் போற்றி வைத்திருந்த நாடகப் பேராசிரியர் மூவரின் நூல்களை, 15 தாலந்து வெள்ளியை ஈடாக வைத்து மூன்றாம் தாலமி இரவல் பெற்றான். அழகாகப் படியெடுத்துப் படிகளை மட்டும் திருப்பியனுப்பினான். ஈட்டுப் பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான். இச்செய்திகளை எழுதியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் காலன் ஆவார். இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தராத வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதை நம் சங்க நூலகப் பொறுப்பாளர்கள் இதனால் அறிந்து ஆறுதல் பெறலாம்!

சேர்த்த நூல்கள் உறங்கவில்லை. கல்லிமாக்கசு என்னும் புலவர் நூல்களையும் ஆசிரியரையும் துறைதோறும் பகுத்து, 120 சுருள்கள் கொண்ட அட்டவணை ஒன்று எழுதினார். யூக்ளிட் இந்நகரில்தான் வடிவக் கணிதம் கற்பித்தார். நூலகத் தலைவராக விளங்கிய எரதோசுதனீசு, நிலவுலகின் சுற்றளவையே அளந்தார். வேனில் நெடும்பகலின் உச்சிவேளையில் தெற்கே சயீன் நகரில், இன்றைய அசுவானில், கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். ஒரு பொருளுக்கும் நிழல் விழாது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அந்நிழல் காட்டிய கோணம் முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரு நகர்க்கும் இடைத்தொலைவு 5,000 ஸ்டேடியம். ஆகவே நிலவுலகின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்று கணக்கிட்டார். கோலும் நிழலும் கணக்கறிவுமே அவருக்குக் கருவிகள்.

முசிறியும் அலெக்சாந்திரியாவும்

இந்நகருக்கும் பண்டைத் தமிழகத்திற்கும் இருந்த தொடர்பு கற்பனையன்று. செங்கடற் கரையிலுள்ள பெரெனீக்கே துறையில், கோயில் முற்றம் ஒன்றில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் 7 கிலோவுக்கு மேற்பட்ட கருமிளகு கிடைத்தது. அது கி.பி. முதல் நூற்றாண்டினது. அக்கரையிலேயே உள்ள குசெய்ர் அல்-கதீம் என்னும் இடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கணன், சாதன் என்னும் பெயர்கள் அவற்றில் படிக்கப்பட்டன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். தம் பானைமீது தம் எழுத்தைப் பொறித்து வைத்த நம்மவர், அயல்நாட்டுத் துறையில் எத்தனை காலம் தங்கினரோ!

ஆஸ்திரியா நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ள பாபிரசுத் தாள் ஒன்று 1985-இல் அச்சில் வெளிவந்தது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க ஆவணம். முசிறி வாணிகத்திற்காகப் பெற்ற கடனைப் பற்றி அதன் ஒரு பக்கம் பேசுகிறது. மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு உள்ளது. கங்கைக் கரையின் நறுமணச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவை அதில் காணப்படுகின்றன. செங்கடலில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தின் மீது ஏற்றிப் பாலை கடந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொணர்ந்து, முத்திரையிட்டு அரசின் பண்டசாலையில் வைத்தல் வேண்டும். நான்கில் ஒரு பங்கு அரசுக்குச் சுங்கமாகச் சேரும். அச்சுங்கம் நீங்கிய மதிப்பே 69 இலட்சம் திரம்மாவுக்கு மேல் என்று அக்கணக்குக் கூறுகிறது. ஒரு கப்பலின் சரக்கு இத்தகையது என்றால், ஆண்டுதோறும் சென்ற கப்பல்கள் எத்துணைச் செல்வத்தைச் சுமந்தன என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். உரோமர் காலத்தில் இந்நகர் மக்களை நோக்கிச் சொற்பொழிவாற்றிய தியோன் கிரிசோசுதம் என்பார், தம் முன் கூடியிருந்தோருள் இந்தியர் சிலரும் இருந்ததாகக் குறித்துள்ளார்.

இச்சரக்கெல்லாம் அன்றே தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது ஒரு நூல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானநூல் அறிஞர் கிளாடியசு தாலமி, அரச மரபினர் அல்லர். பெயர் மட்டுமே ஒன்று. அவர் முன்னோர் எழுதிய நூல்களையும், கீழ்த்திசைக்குச் சென்று வந்த வணிகர் கூறிய செய்திகளையும் ஒப்பு நோக்கி, தமக்குத் தெரிந்த உலகு அனைத்திற்கும் ஒரு நிலநூல் செய்தார். முசிறி, குமரி, கொற்கை, பாண்டியரின் மதுரை, காவிரியின் வாயிலமைந்த பட்டினம் ஆகியவை கிரேக்க ஒலியில் அந்நூலுள் இடம்பெற்றுள்ளன. அந்நூல் நம் கைக்கு எவ்வாறு வந்தது? பல நூற்றாண்டுகள் மறந்து கிடந்த அதனை, 1295-ஆம் ஆண்டளவில் கான்ஸ்டான்டினோபிளில் மாக்சிமசு பிளானூதசு என்னும் துறவி தேடிக் கண்டு படியெடுப்பித்தார். அவர் முயன்றிராவிடின், அலெக்சாந்திரிய அறிஞர் ஒருவர் மதுரையையும் கொற்கையையும் அறிந்திருந்தார் என்பதை நாம் அறிந்திருப்போமோ என்பது ஐயமே.

எரித்தவர் யார்?

இனி முதல் வினாவுக்கு வருவோம். கி.மு. 48-இல் சீசர் இந்நகரில் போரில் சிக்கியபோது, துறையிலிருந்த கப்பல்களுக்குத் தீயிட்டார். தீ கரைக்கும் பரவி நூல்கள் பல எரிந்தன என்று பழைய ஆசிரியர் சிலர் எழுதினர். ஆயினும், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகட்குப் பின்னர் இந்நகரில் தங்கிய திராபோ, அறிஞர் கழகம் நடைபெற்று வந்ததையே கூறுகிறார். ஆகவே கழகம் சீசரோடு முடிந்துவிடவில்லை.

கி.பி. 272-ஐ ஒட்டி ஒளரேலியன் என்னும் உரோமப் பேரரசன் நடத்திய போரில் அரண்மனைப் பகுதி பாழாயிற்று. கி.பி. 391-இல் செராப்பிசு கோயில் இடிக்கப்பட்டது. அங்கு ஒரு கிளை நூலகம் முன்பு இருந்தது உண்மை. இடித்த நாளில் நூல்கள் இருந்தனவா என்பது ஐயம். கி.பி. 415-இல் கணித அறிஞர் ஹைப்பேசியா அம்மையாரை வெறி கொண்ட கூட்டம் ஒன்று கொன்றது. அரபியர் கி.பி. 642-இல் நகரைக் கைக்கொண்டபோது, நூல்களைக் குளிப்பறை அடுப்புகளில் ஆறு திங்கள் எரித்தனர் என்னும் கதை ஏறத்தாழ 600 ஆண்டுகட்குப் பின்னரே நூல்களில் தலைகாட்டுகிறது. இன்றைய அறிஞர் அதனை ஏற்பதில்லை. எரிப்பதற்கு அன்று அங்கு என்ன எஞ்சியிருந்தது?

உண்மையான அழிவு தீக்கு முன்னரே தொடங்கிவிட்டது. கி.மு. 145-ஐ ஒட்டி எட்டாம் தாலமி அரியணை ஏறியபோது, தன் பகைவரைச் சார்ந்தவர் என்று கருதி அறிஞர் பலரை விரட்டினான். நூலகத் தலைவரான அரிசுதார்க்கசு சைப்ரசுத் தீவுக்குச் சென்று அங்கேயே மாண்டார். அவர் இருந்த இடத்தில், அரண்மனையின் ஈட்டி வீரர் படையைச் சேர்ந்த ஒருவன் அமர்த்தப்பட்டான். நூலை அறிந்தவர் இருந்த இருக்கையில் அரசனுக்கு வேண்டியவர் அமர்ந்த அந்நாளே நூலகம் நோய்வாய்ப்பட்ட நாள் எனலாம்.

பாபிரசு என்பது நைல் கரைக் கோரையைப் பிளந்து ஒட்டிச் செய்த தாள். மேல் எகிப்தின் வறண்ட மணலில் அது ஈராயிரம் ஆண்டும் கிடக்கும். கடற்காற்றின் ஈரம் படியும் அலெக்சாந்திரியாவில் அவ்வாறு கிடவாது. சில தலைமுறைக்கு ஒருமுறை ஒவ்வொரு சுருளையும் புதிதாகப் படியெடுத்தல் வேண்டும். நம் முன்னோரும் ஏட்டுச் சுவடிகளை அவ்வாறே பெயர்த்தெழுதி வந்தனர். அரசு ஊதியத்தை நிறுத்தினால் எழுத்தர் போவர். எழுத்தர் போனால் படி நிற்கும். படி நின்றால் நூல் தானே மடியும். இதற்குப் பகைவர் யாரும் வேண்டுவதில்லை.

எஞ்சிய நூல்களே இதற்குச் சான்று. கல்லிமாக்கசின் 120 சுருள்களும் மறைந்தன. நிலவுலகை அளந்த எரதோசுதனீசின் நூலும் மறைந்தது. பின்வந்தோர் அதனை எடுத்துச் சொன்னமையாலேயே அக்கணக்கை நாம் அறிகின்றோம். யூக்ளிட்டின் நூலோ அழியவில்லை. மாணவர் அதனைத் தலைமுறைதோறும் படித்தனர். ஹைப்பேசியாவின் தந்தையான தியோன் அதனைத் திருத்திப் பதிப்பித்தார். பாக்தாதில் அரபு மொழிக்குப் பெயர்த்தனர். அரபிலிருந்து இலத்தீனுக்குச் சென்றது. வகுப்பறையில் வாழ்ந்த நூல் பிழைத்தது. அலமாரியில் மட்டும் வாழ்ந்த நூல் மடிந்தது.

தீ கொடியதன்று என்பது எம் கருத்தன்று. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த கொடுமையைத் தமிழர் எவரும் மறவார். அச்சில் வேறு படி இருந்த நூல்களை மீண்டும் வாங்க இயன்றது; வேறு படியில்லாத ஏட்டுச் சுவடிகள் மீளவே இல்லை. தீயின் கொடுமையும், படியின் அருமையும் அங்கு ஒருங்கே விளங்கின.

குடியேறியோர் விட்டுச் சென்றது

1798-இல் நெப்போலியன் படை வந்தபோது அலெக்சாந்திரியா சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சிற்றூராகச் சுருங்கியிருந்தது. பின்னர் முகம்மது அலியின் ஆட்சியில், நைல் நீரைக் கொணரும் மகமூதியா கால்வாய் 1820-இல் அமைந்தது. பருத்தி வாணிகம் பெருகியது. கிரேக்கர், இத்தாலியர், யூதர், ஆர்மீனியர், சிரியர் எனப் பலரும் வந்து குடியேறினர். கிரேக்கர் 1843-இல் தமக்கெனச் சங்கம் கண்டனர். பள்ளியும் மருத்துவமனையும் கோயிலும் செய்தித்தாளும் நடத்தினர். ஆனால், குடியேறியோருள் செல்வர் பலர் அயலாட்சி தந்த சலுகைகளின் நிழலில், மண்ணின் மக்களினும் உயர்ந்தவராகத் தம்மைக் கருதி வாழ்ந்தனர். 1882-இல் பிரிட்டிஷ் கடற்படை நகரைப் பீரங்கியால் தாக்கியதை எகிப்தியர் மறக்கவில்லை. 1956-இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய அறிவிப்பை இந்நகரின் சதுக்கத்திலேயே வெளியிட்டார். அதன் பின் நிகழ்ந்த போரும் அரசியல் மாற்றங்களும் அயலார் பெரும்பாலோரை வெளியேறச் செய்தன. செல்வர் மட்டுமின்றி, அந்நகரையன்றி வேறு ஊர் அறியாத எளியவரும் சென்றனர். இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகளைக் கண்டோம். பல சிதைந்து கிடக்கின்றன. ஆயினும் ஓர் எளிய குடியிருப்பு மட்டும் பல நாட்டாரை இன்றும் ஈர்க்கிறது. கிரேக்கக் கவிஞர் கவாபி வாழ்ந்த இல்லம் அது. 1863-இல் இந்நகரில் பிறந்த அவர், பாசனத் துறை அலுவலகத்தில் 30 ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றினார். பகலெல்லாம் அலுவலகக் கோப்பு. இரவில் தாய்மொழிக் கவிதை. தாயகமாகிய கிரேக்க நாட்டிற்கு அவர் சென்றது சில முறையே. தம் கவிதைகளைத் தனித்தனித் தாளில் அச்சிட்டு நண்பர்க்கு வழங்கினாரே அன்றி, விற்பனைக்குரிய தொகுதியாக வெளியிட்டாரல்லர். 1933-இல் மறைந்தார், 1935-இல் கவிதைகள் நூலாயின. அவர் ஏற்று வைத்தவை 154 கவிதைகளே. அவை இன்று உலக மொழிகள் பலவற்றில் வாழ்கின்றன. பருத்தி வணிகரின் பெயர்களை எவர் அறிவார்? அயலூரில் கோப்பெழுதிப் பிழைத்த அந்த எழுத்தரின் பெயர் நிலைத்துவிட்டது.

புதிய நூலகம்

பழைய நூலகம் இருந்ததாகக் கருதப்படும் பகுதிக்கு அருகே, 2002-இல் புதிய அலெக்சாந்திரிய நூலகம் திறக்கப்பட்டது. பல நாட்டு அரசுகளும் யுனெஸ்கோவும் துணை நின்றன. நார்வே நாட்டுக் கட்டடக் கலைஞர் அமைத்த அக்கட்டடம், கடலிலிருந்து எழும் கதிரவனைப்போல் 160 மீட்டர் விட்டமுள்ள சாய்ந்த வட்டமாகக் காட்சியளிக்கிறது. அசுவான் கருங்கல்லால் ஆன புறச்சுவரில் உலக எழுத்துகள் பலவற்றைச் செதுக்கியுள்ளனர். உள்ளே படிப்பகம் படிபடியாகக் கீழிறங்குகிறது. யாம் சென்ற வேளையில் இடமெல்லாம் கல்லூரி மாணவ மாணவியர் அமர்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தனர்.

2011 சனவரியில் எகிப்து முழுவதும் மக்கள் கிளர்ச்சி எழுந்தது. நகரில் அரசுக் கட்டடங்கள் சில தீக்கிரையாயின. அப்போது இளைஞர் பலர் கைகோத்து நூலகத்தைச் சூழ்ந்து நின்று காத்தனர். நூலகத்திற்குக் கேடு நேரவில்லை. மன்னர் கட்டிய பழைய நூலகத்திற்கு அன்று இத்தகைய காவல் இல்லை. அதனை மன்னன் தந்தான். மன்னன் மறந்தபோது கேட்பார் இல்லை. புதியதை, அங்கு அமர்ந்து படித்தவர்களே தமது என்று கருதினர்.

எரித்தவர் யார் என்னும் வினாவுக்கு மாநாட்டில் யாம் கேட்ட விடைகளுள் எம் நெஞ்சில் நின்றது இதுவே: நூலகத்தைக் கொல்வது படிப்பார் இன்மை. நம் சங்கத்து அறையிலும் அலமாரிகள் உள்ளன. அவற்றிலுள்ள நூல்களைத் தொடக்க நாளில் உறுப்பினர் தம் சிறு ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்தனர். அவற்றுக்குத் தீயால் வரும் இடர் சிறிது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழைப் பேசக் கற்று, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கல்லாது போனால் வரும் இடரே பெரிது. வார இறுதியில் நடைபெறும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவதும், திங்களுக்கு ஒரு நூலேனும் அலமாரியிலிருந்து எடுத்து வீட்டில் வாய்விட்டுப் படிப்பதும் நம் ஒவ்வொருவராலும் இயலும். இவ்வாண்டு விழா முடிந்து மேடையையும் பந்தலையும் பிரித்த பின்னர், அடுத்த ஞாயிறு அன்றே அதனைத் தொடங்குவோமாக.